ஷூ பெட்டியில் சூரியன், யுரேனஸில் மீத்தேன்

யுரேனஸ் ஏன் பச்சை கலந்த நீலமாக இருக்கிறது என்று கேட்டால் "மீத்தேன் இருக்கிறது, அதனால்" என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். சூரியனிலிருந்து 287 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கிரகம் அது. வாயேஜர் 2 ஒரே ஒரு முறை, 1986 ஜனவரியில், பக்கத்தில் கடந்து போனது. மீத்தேன் என்று கண்டுபிடித்ததோ 1932இல். யாரும் போய் மொண்டு வராத காற்றில் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது? அதற்கான விடையில் பாதியை வீட்டிலேயே ஒரு ஷூ பெட்டி, பழைய சிடி, ஷேவிங் பிளேடு இரண்டு வைத்துக் கண்ணால் பார்த்துவிடலாம். மீதிப் பாதியைக் காகிதத்தில் கணக்குப் போட்டால் போதும்.

முதலில் ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் பெட்டி. சுமார் 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம் உள்ள ஷூ பெட்டி சரியாக இருக்கும். உள்ளே முழுவதும் கறுப்புத் தாள் ஒட்டுங்கள். பளபளக்கும் கறுப்பு வேண்டாம், மங்கலான சார்ட் தாள்தான் நல்லது. சின்னப் பக்கச் சுவர்களில் ஒன்றில், இடது ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி, 1 செ.மீ. அகலத்தில் செங்குத்தாக ஒரு சாளரம் வெட்டுங்கள். அதன் மேல் இரண்டு பிளேடுகளைக் கூர்முனைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து ஒட்ட வேண்டும். நடுவில் எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் பலருடைய பெட்டி கெட்டுப்போகிறது. சாதாரண ஏ4 தாள் ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன். இரண்டு தாளை மடிக்காமல் சேர்த்துப் பிளேடுகளுக்கு நடுவில் நிறுத்தி, டேப் ஒட்டிய பிறகு தாளை உருவிவிட்டால் 0.2 மி.மீ. பிளவு கிடைக்கும். கண்ணளவில் வைத்தால் அது 1 மி.மீ. ஆகிவிடும். அப்புறம் வானவில் அழகாகத் தெரியும், அதில் நாம் தேடும் மெல்லிய கோடு ஒன்றும் தெரியாது.

அடுத்தது சிடி. எழுதக்கூடிய சிடிதான் எளிது. லேபிள் பக்கத்தில் கத்தியால் ஒரு கீறல் போட்டு, பேக்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால் வெள்ளிப் பூச்சு டேப்போடு வந்துவிடும். மிஞ்சுவது வரிப்பள்ளங்களோடு கூடிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக். டிவிடியில் இந்த வேலை நடக்காது, அதில் பூச்சு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. சிடியின் வெளி ஓரத்திலிருந்து 2 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டுங்கள். வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் கத்தரியில் விரிசல் விடாமல் வரும். வெளி ஓரம் ஏன் என்றால், வரிகள் வட்டமானவை. உள் ஓரத்தில் வளைவு அதிகம், வெளியே போகப் போக ஏறக்குறைய நேர்கோடு. துண்டின் நடுப்பகுதியில் விரல் படக்கூடாது.

பிளவுக்கு நேர் எதிர்ச் சுவரில், அதே போல இடது ஓரத்திலிருந்து 2 செ.மீ. தள்ளி (பிளவு உங்களுக்கு எதிரே இருக்கும்படி நின்று பார்க்கையில் இடது), 1.5 செ.மீ. துளை போட்டு உள்பக்கமாகத் துண்டை ஒட்டுங்கள். சிடியின் வரிகள் பிளவுக்கு இணையாக, அதாவது செங்குத்தாக நிற்க வேண்டும். துளை வழியாகப் பார்த்தால் நேர் எதிரே பிளவு வெள்ளைக் கோடாகத் தெரியும். பார்வையை வலப்பக்கம் 20 பாகை திருப்பினால் பெட்டிச் சுவரின் மேல் நிறமாலை (ஒளி நிறம் நிறமாகப் பிரிந்த பட்டை) மிதந்துகொண்டிருக்கும். அது சாய்ந்து மேலேயோ கீழேயோ போனால் சிடித் துண்டு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் சுழற்றிச் சரிசெய்துவிட்டு அப்புறம் டேப்பை இறுக்குங்கள்.

இந்த 20 பாகை எங்கிருந்து வந்தது? சிடியில் அடுத்தடுத்த வரிகளுக்கு இடைவெளி 1,600 நானோமீட்டர் (மி.மீ.யைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). ஒளியின் அலைநீளத்தை 1,600ஆல் வகுத்தால் வருவதுதான் அது விலகும் கோணத்தின் சைன். 550 நானோமீட்டர் பச்சைக்கு 0.344, அதாவது 20 பாகை. 400 ஊதாவுக்கு 14.5 பாகை, 700 சிவப்புக்கு 26 பாகை. 30 செ.மீ. நீளப் பெட்டியில் ஊதா பிளவிலிருந்து 7.8 செ.மீ. தள்ளியும் சிவப்பு 14.6 செ.மீ. தள்ளியும் விழும். பெட்டியின் அகலம் 18 செ.மீ. இருக்க வேண்டும் என்றதும் இதனால்தான். பிளவுச் சுவரில் அந்த இடத்தில் ஒரு நீளத் துளை வெட்டி, மேலே கிராஃப் தாள் ஒட்டிவிட்டால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் அளவுகோல் தயார். ஒரு மி.மீ. கட்டம் என்பது கிட்டத்தட்ட 4.4 நானோமீட்டர்.

அளவுகோல் சரிதானா என்று பார்க்க பழைய சிஎஃப்எல் பல்பு போல வேறொன்று இல்லை. அதில் பாதரச ஆவி இருக்கிறது. 435.8இல் நீலக் கோடு பிளவிலிருந்து 8.5 செ.மீ.யில் தெரிய வேண்டும். 546.1இல் கண்ணைக் குத்தும் பச்சை 10.9 செ.மீ.யில். 611க்குப் பக்கத்தில் பல்புப் பூச்சில் உள்ள யூரோப்பியம் தரும் செம்மஞ்சள், 12.4 செ.மீ.யில். எல்இடி பல்பைக் காட்டிவிட்டு "கோடே வரவில்லையே, பெட்டி தப்போ" என்று கவலைப்படுகிறவர்கள் நிறைய. பெட்டி சரிதான். எல்இடியில் கோடு கிடையாது. 450க்குப் பக்கத்தில் நீல மேடு, 480இல் ஒரு பள்ளம், அப்புறம் மஞ்சளும் சிவப்பும் படர்ந்த ஒரு பெரிய மேடு, அவ்வளவே. ஸ்விட்ச்போர்டில் பழைய செந்நிற இண்டிகேட்டர் இருந்தால் அதையும் பாருங்கள். அது நியான் விளக்கு, 585இலிருந்து 640 வரை சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள் வரிசை கட்டும்.

சமையலறைக்கு வாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு கேஸ் அடுப்பின் நீலச் சுடரைப் பெட்டி வழியாகப் பார்த்தால் அது ஒரே நீலம் இல்லை. 516இல் பச்சை விளிம்பு, 473இல் நீலம். இவை இரண்டு கார்பன் அணுக்கள் சேர்ந்த துண்டிலிருந்து வருகின்றன. 431இல் ஓர் ஊதா, அது ஒரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனும் ஒட்டிய துண்டு. இந்த 431ஐ நினைவில் வையுங்கள். இப்போது உப்புக் கரைசலில் நனைத்த கம்பியைச் சுடரின் ஓரத்தில் காட்டினால் 589இல் மஞ்சள் கோடு பளிச்சென்று எழும். உப்புப் போட்ட உலை பொங்கி வழியும்போது அடுப்பு மஞ்சளாகச் சீறுமே, அதே சோடியம்தான். உண்மையில் அங்கே 589.0, 589.6 என்று இரண்டு கோடுகள் இருக்கின்றன. இந்தப் பெட்டியில் அவை பிரியாது.

இனி சூரியன். பெட்டியைச் சூரியனை நோக்கித் திருப்பவே கூடாது. பிளவு மெல்லியதுதானே என்று நினைக்க வேண்டாம், கண் போய்விடும். சூரியனுக்கு எதிர்த்திசையில் உள்ள வெள்ளை மேகமோ, வெயில் படும் வெள்ளைச் சுவரோ போதும், அங்கிருந்து வருவதும் சூரிய ஒளியே. பார்த்தவுடன் தொடர்ச்சியான வானவில்தான் தெரியும். கண்ணைக் கொஞ்சம் பழக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தால் குறுக்கே மயிரிழை போல் கரிய கோடுகள் வரும். 589இல் ஒன்று. 517இல் தடித்த ஒன்று, மெக்னீசியம். 486இல் ஹைட்ரஜன். 656 சிவப்பில் இன்னொரு ஹைட்ரஜன். 430இல் ஒரு பட்டை.

ஓர் எச்சரிக்கை. நிறமாலையின் நீளவாக்கில், ஊதாவிலிருந்து சிவப்பு வரை ஓடும் கறுப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டுச் சூரியனின் கோடுகளைக் கண்டுவிட்டதாகச் சந்தோஷப்படாதீர்கள். அவை பிளேடு விளிம்பில் உட்கார்ந்த தூசி. உண்மையான கோடுகள் பிளவுக்கு இணையாக நிற்கும். பிளேடு விளிம்பைக் கூரான தீக்குச்சியால் ஒருமுறை வழித்துவிட்டால் தூசிக் கோடு மறைந்துவிடும். எல்லாமே மங்கலாக இருந்தால் பெட்டிக்குள் எங்கோ வெளிச்சம் கசிகிறது. 30 செ.மீ. தூரத்தில் படிக்கக் கண்ணாடி போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும்.

சூரிய நிறமாலையில் கரிய கோடு இருப்பதை வோலஸ்டன் 1802இல் கண்டார். ஃப்ரான்ஹோஃபர் 1814இல் 500க்கு மேல் எண்ணி வரைபடமே போட்டார். ஆனால் அவை என்ன என்று இருவருக்கும் தெரியாது. 1859இல் கிர்க்காஃபும் புன்சனும்தான் முடிச்சை அவிழ்த்தார்கள். சுடரில் சோடியம் எந்த நிறத்தை உமிழ்கிறதோ, பின்னால் அதைவிடச் சூடான வெள்ளை ஒளி இருந்தால் அதே நிறத்தை அது விழுங்கும். உங்கள் அடுப்பில் மஞ்சள் கோடு எழுந்த அதே 11.9 செ.மீ.யில் மேகத்தின் ஒளியில் கறுப்புக் கோடு நிற்கிறது என்றால், சூரியனின் மேற்பரப்பில் சோடியம் ஆவியாக இருக்கிறது என்று பொருள். அடுப்பின் 431? சூரியனின் 430 பட்டையிலும் பெரும் பங்கு அதே கார்பன்–ஹைட்ரஜன் துண்டினுடையது.

அரை மி.மீ. கூட இல்லாத ஒரு வித்தியாசத்திலிருந்து ஒரு தனிமமே கிடைத்த கதையும் உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தின் பாதை ஆந்திரக் கரை வழியாகப் போனது. குண்டூரில் பிரெஞ்சுக்காரர் ஜான்சன், மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் எனப் பலர் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பில் எழும் தழல்களில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம் என்றுதான் முதலில் எவருக்கும் தோன்றும். ஆனால் அது 587.6இல் இருந்தது, 589இல் இல்லை. நம் ஷூ பெட்டி அளவில் அந்த இடைவெளி 0.4 மி.மீ.கூட வராது. அதே ஆண்டு அக்டோபரில் கிரகணம் இல்லாமலே லாக்யர் இங்கிலாந்தில் அதை அளந்தார். பூமியில் அதற்குச் சமமான கோடு எதிலும் இல்லை. ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் ராம்சே அதைப் பிடித்தது 1895இல்தான்.

நட்சத்திரங்களுக்கு இந்தப் பெட்டி உதவாது, ஒளி போதாது. ஆனால் ஒரு சௌகரியம்: நட்சத்திரம் புள்ளி, ஆகவே அதற்குப் பிளவே தேவையில்லை. 50 மி.மீ. லென்ஸ் உள்ள கேமராவின் முன் வரித்தகட்டை (சிடித் துண்டைப் போல் நெருக்கமான வரிகள் கொண்ட தகடு) மாட்டி, நட்சத்திரத்திலிருந்து 20 பாகை தள்ளிக் கேமராவைக் குறிவைத்தால் போதும். சிடித் துண்டின் பிளாஸ்டிக் அலை அலையாக இருப்பதால் படம் குழம்பும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வரித்தகட்டுத் தாளே மேல், அதில் மி.மீ.க்கு எத்தனை வரி என்று பார்த்துக் கோணத்தை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். நிறமாலை ஒரு மெல்லிய நூலாகவே விழும், நூலில் கோடு தெரியாது. அதைப் பட்டையாக்க வானமே உதவும். நிறமாலை வடக்கு–தெற்காக ஓடும்படி தகட்டைத் திருப்பிவிட்டு, கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் வைத்து 30 விநாடி திறந்து விடுங்கள். பூமி சுழல்வதால் நட்சத்திரம் விநாடிக்கு 15 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை) மேற்கே நகரும். 50 மி.மீ. லென்ஸில் அது சென்சாரின் மேல் விநாடிக்கு 3.6 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு பிக்சல். நூல் 30 பிக்சல் அகலப் பட்டையாகிவிடும். சிரியஸை எடுத்தால் 486, 434, 410இல் ஹைட்ரஜன் கோடுகள் கோடாரியால் வெட்டியது போல் தெரியும். திருவாதிரையை எடுத்தால் அவை இருக்காது, டைட்டானியம் ஆக்சைடின் அகலமான பட்டைகள் இருக்கும்.

அப்படியென்றால் சிரியஸில் ஹைட்ரஜன் அதிகம், திருவாதிரையில் இல்லை என்று நினைக்கத் தோன்றும். வானியலாளர்களே வெகுகாலம் ஏறக்குறைய இப்படித்தான் தடுமாறினார்கள். கோட்டின் பருமனை முடிவு செய்வது பெரும்பாலும் வெப்பநிலை. மேகநாத் சாஹா 1920இல் கொடுத்த சமன்பாடு அதைச் சொன்னது. செசிலியா பெய்ன் 1925இல் அதை வைத்துக் கணக்குப் போட்டு, எல்லா நட்சத்திரங்களும் பெரும்பாலும் ஹைட்ரஜனும் ஹீலியமும்தான் என்று காட்டினார். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடு விழ, அணு ஏற்கெனவே ஆற்றலில் ஒரு படி மேலே ஏறியிருக்க வேண்டும். 3,600 கெல்வின் திருவாதிரையில் அப்படி ஏறிய அணுக்கள் சொற்பம். 10,000க்கு அருகில் உள்ள சிரியஸில் ஏராளம். 25,000 இருக்கும் சித்திரை நட்சத்திரத்தில் பல அணுக்கள் எலக்ட்ரானையே இழந்துவிடுகின்றன, கோடு மறுபடி மெலிகிறது.

வெறும் நிறமும் வெப்பநிலை சொல்லும். 28,98,000ஐ கெல்வினில் உள்ள வெப்பநிலையால் வகுத்தால் நட்சத்திரம் அதிகம் உமிழும் அலைநீளம் நானோமீட்டரில் வரும். சூரியனுக்கு 5,772 போட்டால் 502, பச்சை! சூரியன் பச்சையாகத் தெரியாததற்குக் காரணம், உச்சம் பச்சையில் இருந்தாலும் மற்ற நிறங்களும் கிட்டத்தட்ட அதே அளவு வருகின்றன, கண் எல்லாவற்றையும் கூட்டி வெள்ளை என்கிறது. பச்சை நட்சத்திரம் என்று ஒன்று கிடையாது.

வெளிக் கிரகங்களுக்குச் சொந்தமாகக் காண்ஒளி இல்லை. கடன் வாங்கிய சூரிய ஒளிதான், அதுவும் இரண்டு முறை வரி கட்டி வருகிறது. போகும்போது தூரத்தின் வர்க்கத்துக்குக் குறைகிறது, திரும்பும்போது மறுபடி வர்க்கத்துக்குக் குறைகிறது. யுரேனஸும் நெப்டியூனும் ஏறத்தாழ ஒரே பருமன். சூரியனிலிருந்து ஒன்று பூமியைப்போல் 19.2 மடங்கு தூரத்தில், மற்றது 30.1 மடங்கில். எதிர்நிலையில் (சூரியனுக்கும் கிரகத்துக்கும் நடுவே பூமி வரும்போது) பூமியிலிருந்து 18.2, 29.1. இரண்டிரண்டாகப் பெருக்கி, வகுத்து, வர்க்கப்படுத்தினால் யுரேனஸ் 6.3 மடங்கு பிரகாசம். பிரகாச எண்ணில் (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) இது 2.0 படி. வானத்தில் அளந்தால் யுரேனஸ் 5.7, நெப்டியூன் 7.8, வித்தியாசம் 2.1. பருமனும் பிரதிபலிப்பும் துளி வேறுபடுவதை விட்டுவிட்டால் கணக்கு உட்கார்ந்துவிட்டது. ஐந்து படிக்கு 100 மடங்கு என்ற இந்த அளவுகோலை 1856இல் முன்வைத்தவரும் அதே போக்சன்தான். 1861இல் சென்னைக்கு வந்து, சாகும்வரை நுங்கம்பாக்கத்தில் வேலை பார்த்தார்.

நெப்டியூனில் ஒரே இருட்டு என்று நினைப்பதும் தவறு. நம்மைவிட 900 மடங்கு குறைவு என்றாலும், அங்கே நண்பகல் வெளிச்சம் இங்கே பௌர்ணமி நிலவைப்போல் சுமார் 450 மடங்கு. புத்தகம் படிக்கலாம். நேரத்தையும் கணக்கில் சேருங்கள். இரவு 9 மணிக்குத் தொலைநோக்கியில் நெப்டியூனைப் பார்த்தால், அந்த ஒளி சூரியனைவிட்டுக் கிளம்பியது மதியம் 1 மணிக்குச் சற்று முன்பு.

கடன் ஒளி என்பதால் வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் எதை எடுத்தாலும் நிறமாலையில் சூரியனின் 589, 517, 486 எல்லாம் அப்படியே இருக்கும். சூரியனில் இல்லாத கூடுதல் கறுப்பு எங்கே விழுகிறது என்று தேடினால் அது கிரகத்தின் காற்று. 1869இல் ரோமில் செக்கி என்ற வானியலாளர் யுரேனஸில் அப்படிப்பட்ட அகலமான பட்டைகளைக் கண்ணால் கண்டார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லோவல் வானாய்வகத்தில் வெஸ்டோ ஸ்லைஃபர் அவற்றைப் படம் எடுத்தார். 543, 619, 727 என்று இடம் தெரியும். எதனால் என்று தெரியாமல் 60 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

தாமதத்துக்கு நியாயமான காரணம் உண்டு. மீத்தேன் கண்ணுக்கு நிறமற்றது. குழாய் வழியாக வீட்டுக்கு வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன்தான், அதை எந்தக் கண்ணாடிக் குடுவையில் பிடித்தாலும் நிறம் தெரியாது. அது வலுவாக ஒளி விழுங்குவது அகச்சிவப்பில். காண்ஒளியில் அதன் பிடி மிகமிக மெலிசு, கிலோமீட்டர் கணக்கில் வாயு இருந்தால்தான் பட்டை தெரியும். 1932இல் ரூபர்ட் வில்ட் என்ற வானியலாளர், பட்டைகள் மீத்தேன், அமோனியாவினுடையவை என்று பொருத்தினார். பிறகு நீண்ட குழாயில் வாயுவை அழுத்தி நிரப்பி ஒளியைச் செலுத்தியபோது அதே இடங்களில் கறுப்பு விழுந்தது.

வியாழனிலும் மீத்தேன் இருக்கிறது. ஆனால் அங்கே உயரத்திலேயே அமோனியா மேகம் வெள்ளைக் கூரை போல் நின்று, ஒளி ஆழம் போவதற்குள் திருப்பி அனுப்பிவிடுகிறது. யுரேனஸில் மீத்தேன் பங்கும் பல மடங்கு அதிகம், குளிரில் அமோனியா மிக ஆழத்தில் உறைந்து கிடப்பதால் ஒளி நீண்ட தூரம் உள்ளே போய் வருகிறது. 619இலும் 727இலும் சிவப்பைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது பச்சையும் நீலமும். நெப்டியூன் கருநீலம் என்று மனதில் பதிந்திருப்பதற்கு 1989 வாயேஜர் படங்களில் நிறத்தைத் தூக்கலாக்கியதே காரணம். 2024இல் வந்த மறுஆய்வின்படி இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சைநீலம், நெப்டியூனில் நீலம் ஒரு பொட்டு கூடுதல், அவ்வளவுதான்.

இந்தப் பட்டையை நீங்களே எடுக்க வேண்டுமானால் 20 செ.மீ. தொலைநோக்கி, கேமரா முன் திருகும் மி.மீ.க்கு 100 வரி கொண்ட தகடு, கிரகத்தைத் தொடரும் மோட்டார் மூன்றும் வேண்டும். எதிர்நிலையில் வியாழன் வட்டு 40 விகலைக்கு மேல் அகலம், பிளவு இல்லாவிட்டால் கோடுகளெல்லாம் அந்த அகலத்துக்கு அப்பிக்கொள்ளும். யுரேனஸ் வட்டு 3.7 விகலைதான், ஏறக்குறைய நட்சத்திரம் மாதிரி. அதனால் வியாழனைவிட மங்கலான யுரேனஸில்தான் 619 பட்டை சுத்தமாக வரும். எடுத்த படத்தில் நேரே பட்டையைத் தேடினால் ஏமாற்றம் வரும், கேமரா சென்சாரும் நம் காற்றும் தங்கள் பங்குக்கு மேடு பள்ளம் போட்டிருக்கும். 687இல் விழும் கறுப்பு பூமியின் ஆக்சிஜன், அதை யுரேனஸ் கணக்கில் எழுதிவிடாதீர்கள். அதே இரவில், அதே உயரத்தில், சூரியனைப் போன்ற மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை அதே அமைப்பில் எடுத்து, யுரேனஸின் வரைபடத்தை அதனால் வகுத்துவிடுங்கள். சூரியனின் கோடுகள், சென்சாரின் மேடுகள், நம் ஆக்சிஜன் எல்லாம் இரண்டிலும் பொது என்பதால் அடிபட்டுப் போகும். மிச்சமிருக்கும் வளைகோட்டில் 619இல் ஒரு குழியும், 727இல் அதைவிட ஆழமான குழியும் நிற்கும்.